எம்போசிங் பேஸ்ட் கார்டு சொதப்பினால்: எந்த அறிகுறிக்கு என்ன காரணம்

அட்டை மேல் ஸ்டென்சிலை வைத்து, பேஸ்டை இழுத்து, ஸ்டென்சிலைத் தூக்கினால் டிசைன் மேடாக நிற்க வேண்டும். வேலை அவ்வளவுதான், வீடியோவில் பார்த்தால் அரை நிமிடம்கூட இல்லை. நாமே செய்யும்போதுதான் ஓரம் கசியும், அட்டை வளையும், காய்ந்தது வெடிக்கும், காயாதது கவரில் ஒட்டிக்கொள்ளும். உடனே பேஸ்டைத் திட்டிவிட்டு வேறு பிராண்டு வாங்குவார்கள், அதிலும் அதே கதை நடக்கும்.

பேஸ்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எம்போசிங் பேஸ்ட், டெக்ஸ்சர் பேஸ்ட், மாடலிங் பேஸ்ட் என்று பல பெயர்களில் விற்றாலும் வெள்ளையாக இருக்கும் வகைகளில் பெரும்பாலும் அக்ரிலிக் பைண்டர் (தூளைப் பிடித்து வைக்கும் பசை), கால்சியம் கார்பனேட் அல்லது பளிங்குத் தூள் மாதிரி ஒரு தூள், அப்புறம் தண்ணீர், இவ்வளவுதான். பைண்டரும் தூளும் அட்டையிலேயே தங்கிவிடும். தண்ணீர் மட்டும் கிளம்பிப் போயாக வேண்டும். அது ஸ்டென்சிலுக்கு அடியில் போனால் கசிவு, அட்டைக்குள் இறங்கினால் வளைவு, அவசரமாக ஆவியானால் வெடிப்பு, போகாமலே நின்றுவிட்டால் பிசுபிசுப்பு. அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் ‘தண்ணீர் எங்கே போச்சு?’ என்ற கேள்வியோடு படியுங்கள். (எம்போசிங் பவுடரைத் தூவி ஹீட் கன்னால் உருக்குவது வேறு வேலை, அது இங்கே வரவில்லை.)

ஓரம் கசிந்து டிசைன் தடித்துப்போகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். மெல்லிய கோடு வர வேண்டிய இடத்தில் பட்டையாக வந்திருக்கும், இலைக்கும் இலைக்கும் நடுவில் இருந்த இடைவெளி மூடிப்போயிருக்கும். கார்டைப் பார்த்து வருத்தப்படுவதற்கு முன்னால் ஸ்டென்சிலைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பேஸ்ட் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

எல்லாத் துளைகளைச் சுற்றியும் ஒரே மாதிரி ஈரப் படலம் இருந்தால் பேஸ்ட் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். பேஸ்டை இழுக்கும் மொட்டைக் கத்தியில் (பேலட் நைஃப்) கொஞ்சம் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள், வழியக் கூடாது, வெண்ணெய் பதத்தில் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். வழிந்தால் தேவையான அளவை மட்டும் ஒரு பழைய டைல் மேலோ கண்ணாடித் துண்டின் மேலோ பரப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் காற்றாட விட்டு, மறுபடி கலக்குங்கள், இறுகிவிடும். கலருக்காகத் திரவ மையைச் சொட்டுச் சொட்டாக ஊற்றியிருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

கத்தி போய் முடிகிற பக்கத்தில் மட்டும் கசிந்திருந்தால் கோளாறு கையில். அழுத்தம் அதிகம், அல்லது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறீர்கள். முதலில் கத்தியைப் படுக்கவைத்து எல்லாத் துளையிலும் பேஸ்டை நிரப்புங்கள், அப்புறம் 45 டிகிரி அளவுக்குச் சாய்த்து ஒரே திசையில் ஒரே இழுப்பாக மிச்சத்தை வழித்தெடுங்கள். அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் மட்டமாக்கலாமே’ என்று நாலாவது தடவை இழுக்கும்போதுதான் பேஸ்ட் அடியில் நுழைகிறது. இலை நுனி, பூ இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாக்குகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நுனியை நோக்கி இழுத்தால் அது படிந்து கிடக்கும், எதிர்ப்பக்கம் இழுத்தால் தூக்கிக்கொண்டு பேஸ்டை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிந்திருந்தால் ஸ்டென்சில் அட்டையோடு ஒட்டிப் படியவில்லை. ஸ்டென்சில் எங்கேயோ மடங்கியிருக்கும், இல்லையென்றால் அட்டை சொரசொரப்பாக இருக்கும். பூவிதழ் கலந்த கையால் செய்த காகிதம் பார்க்க அழகுதான், ஆனால் ஸ்டென்சில் அதில் உட்காரவே உட்காராது, அதைக் கார்டின் வேறு பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான அட்டையிலும் இப்படி வருகிறது என்றால் ஸ்டென்சிலை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். எடுத்து எடுத்து ஒட்டுகிற வகை ஸ்ப்ரே பசையை ஸ்டென்சிலின் அடியில் லேசாக அடித்து ஒரு நிமிடம் விட்டு வைப்பது இன்னும் நல்லது, மெல்லிய கோடுகள் உள்ள டிசைனுக்கு அதற்கு ஈடான வேறு வழி இல்லை.

ஒரே டிசைனில் இருபது கார்டு போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மூன்று நாலு கார்டு நன்றாக வந்துவிட்டு அப்புறம் கசிய ஆரம்பித்தால், அடிப்பக்கத்தைத் துடைக்காமல் அடுத்ததற்குப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. ஈரத்தோடு வைத்தால் மறுபடி தண்ணீர் கதைதான்.

கசிந்த கார்டைக் காப்பாற்ற முடியுமா? ஈரமாக இருக்கும்போது துடைக்கப் போகாதீர்கள், தீற்றல் ஆகிவிடும். தொட்டால் ஒட்டாத, ஆனால் இன்னும் இறுகாத நேரம் ஒன்று வரும், அப்போது பல்குத்தும் குச்சியாலோ கட்டர் முனையாலோ ஓரத்தைச் சுரண்டினால் துணுக்காகக் கழன்று வரும். வெள்ளை அட்டையில் வெள்ளைப் பேஸ்ட் என்றால் விட்டுவிடுங்கள், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

பொங்கல் வாழ்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி தமிழ் எழுத்து போடுகிறவர்கள் பெரும்பாலும் ஓஹெச்பி ஷீட்டில் (கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஸ்டென்சிலைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். அங்கே கசிவு வேறு உருவத்தில் வரும். ண, ன, ள, ழ எழுத்துகளில் இருக்கும் சின்னச் சுழிக்குள்ளே இருக்கிற பிளாஸ்டிக் துண்டு, வெட்டிய உடனே கழன்று விழுந்துவிடும், பேஸ்ட் போட்டால் சுழி முழுசாக அடைத்துக்கொண்டு எழுத்து ஒரு கட்டியாகத்தான் தெரியும். அந்தத் துண்டை வெளிப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பிடிக்க ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்காவது ஒரு பாலம் விட்டு வெட்ட வேண்டும், சின்னச் சுழிக்கு ஒன்று, பெரிய வளைவுக்கு இரண்டு. சிக்குக் கோலத்துக்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. கோடு தன்னைத் தானே சுற்றி வந்து மூடுவதால் புள்ளியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கட்டமும் தனித்தீவாகிவிடும். பாலம் விட்ட இடத்தில் கோட்டில் இடைவெளி வரும், காய்ந்த பிறகு குச்சி முனையில் பேஸ்ட் தொட்டு அதை அடைத்துவிடலாம். புள்ளியை ஸ்டென்சிலில் வெட்டாமல் கடைசியில் கையால் வைப்பதுதான் என் பழக்கம், வேகமும் அதிகம், உருண்டையாகவும் வரும்.

ஸ்டென்சிலைத் தூக்கியதும் முள் முள்ளாக நிற்கிறது

பேஸ்ட் கெட்டி, அல்லது ஸ்டென்சிலை எடுக்க நேரமாக்கிவிட்டீர்கள். இழுத்து முடித்த உடனே எடுக்க வேண்டும், காயட்டும் என்று காத்திருப்பது பெரிய தப்பு, பேஸ்டின் மேல்தோல் ஸ்டென்சிலோடு சேர்ந்து பிய்ந்து வரும். ஒரு பக்கத்து டேப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்து, அந்தப் பக்கத்தைக் கீல் மாதிரி வைத்துக்கொண்டு கதவு திறப்பது போல நிதானமாகத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் முள் நிற்கும். நின்ற முள்ளை, கொஞ்சம் இறுகியதும் தண்ணீர் தொட்டு உதறிய விரல் நுனியால் ஒரு தட்டு. காய்ந்தே போய்விட்டால் 400 நம்பர் உப்புத்தாள் வைத்து மேலாக இரண்டு தேய்ப்பு போதும்.

நடுவில் குழி, இல்லையென்றால் கோடு கோடாகக் கீறல்

குழி என்றால் கத்தி வளைந்து துளைக்குள் இறங்கி பேஸ்டை வாரிக்கொண்டு வந்திருக்கிறது. பெரிய வட்டம், பெரிய இதயம் மாதிரி அகலமான துளைகளில் இது வரும். துளையைவிட அகலமான, விறைப்பான ஒன்றால் இழுங்கள், பழைய ஏடிஎம் கார்டு இதற்கு அருமை. கீறல் என்றால் பேஸ்டில் காய்ந்த துணுக்கு கிடக்கிறது, பெரும்பாலும் டப்பா வாயில் காய்ந்து ஒட்டியிருந்தது உள்ளே விழுந்திருக்கும்.

மேடு போதவில்லை, தடவிப் பார்த்தால் தெரியவே இல்லை என்றால் ஸ்டென்சிலின் கனத்தைப் பாருங்கள், பேஸ்டின் உயரம் அதைத் தாண்டாது. ஓஹெச்பி ஷீட் பொதுவாக 0.1 மில்லிமீட்டர், கடையில் வாங்கும் மைலார் (பாலியஸ்டர் பிளாஸ்டிக்) ஸ்டென்சில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். பழைய எக்ஸ்ரே படலத்தைக் கழுவி வெட்டுகிறவர்கள் உண்டு, ஓஹெச்பியைவிடக் கனம், கைக்கும் வாகாக இருக்கும்.

டேப்பை உரித்தால் அட்டையும் சேர்ந்து உரிகிறது

பிரவுன் டேப், செல்லோ டேப் இரண்டையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். மாஸ்கிங் டேப்பையும் ஒட்டுவதற்கு முன்னால் போட்டிருக்கிற துணியில் இரண்டு தடவை ஒட்டி எடுத்தால் பஞ்சு ஒட்டிப் பசை குறையும். உரிக்கும்போது மேலே தூக்கக் கூடாது, டேப்பைப் பின்பக்கமாக மடித்து அதன் மேலேயே படுத்த மாதிரி இழுக்க வேண்டும். அப்படியும் வம்பு செய்தால் ஹேர் டிரையர் சூட்டை ஐந்து விநாடி காட்டுங்கள், பசை இளகிவிடும்.

அட்டை வளைந்துவிட்டது

முதலில் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, எப்போது வளைந்தது என்று பாருங்கள். பேஸ்ட் போட்ட பத்து நிமிடத்தில் ஓரங்கள் கீழே இறங்கி நடு மேலே எழும்பினால், தண்ணீர் மேல்பக்கத்து நாரில் இறங்கி அந்தப் பக்கம் மட்டும் நீண்டிருக்கிறது. இதற்குப் பயப்பட வேண்டாம், தண்ணீர் போனதும் பெரும்பாலும் தானே படியும். இந்த நேரத்தில் புத்தகத்தை வைத்து அழுத்துகிறேன் என்று போய் ஈரப் பேஸ்டை நசுக்கிவிடாதீர்கள்.

மறுநாள் பார்க்கும்போது ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அதுதான் நிஜமான வளைவு. பேஸ்ட் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது தன்னோடு அட்டையையும் இழுக்கும். மெல்லிய அட்டை அந்த இழுப்புக்குத் தாங்காது. பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிற சார்ட் பேப்பர் இதற்குப் பத்தாது, குறைந்தது 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்கிற கணக்கு) அட்டை வேண்டும், முழுப் பக்கத்துக்கும் பேஸ்ட் பரப்புவதென்றால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர்.

நேராக்குவதற்கு வழி உண்டு. பேஸ்ட் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். மேசையில் பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் கார்டைக் குப்புற வையுங்கள். கார்டின் முதுகில் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலால் மிக லேசாக அடியுங்கள், நனையக் கூடாது, பனி விழுந்த அளவுதான். இப்போது அந்தப் பக்கமும் கொஞ்சம் நீண்டு காயும்போது தானும் ஒரு இழுப்பு இழுக்கும், இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். அதன் மேல் இன்னொரு பட்டர் பேப்பர், தட்டையான பலகை, கனமான புத்தகங்கள். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் எடுங்கள். அடியில் துண்டு இருப்பதால் மேடு நசுங்காது.

வராமலே தடுக்க வேண்டுமென்றால் கார்டின் மேலேயே பேஸ்ட் போடுவதை விட்டுவிடுங்கள். ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் ஏ6 கார்டு வரும், அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர். 95க்கு 138 அளவில் தனியாக ஒரு அட்டை வெட்டி, பேஸ்ட் வேலையெல்லாம் அதில் முடித்து, காயவைத்து, தட்டையாக்கி, கடைசியில் டபுள் சைட் டேப்பால் கார்டில் ஒட்டுங்கள். சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் ஓரம் சட்டம் போட்டது போலத் தெரியும். சொதப்பினாலும் போவது சின்ன அட்டைதான், மடித்து வெட்டிய கார்டு இல்லை. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினைகள் உங்களை எட்டிப் பார்க்காது.

அப்புறம் அட்டைக்கு நாரோட்டம் என்று ஒன்று உண்டு. அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைந்தபோது மடிப்புக்கோடு எந்தத் திசையில் விழுந்திருக்குமோ அதுதான் நார் ஓடுகிற திசை. கார்டின் மடிப்பு அதே திசையில் இருக்கும்படி வெட்டினால் மடிப்பு பிசிறில்லாமல் வரும், கார்டும் நேராக நிற்கும். நார் ஈரத்தில் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் உப்பும், அதனால்தான் எந்த அட்டையும் ஒரு குறிப்பிட்ட பக்கமாகவே சுருளுகிறது.

காய்ந்ததும் வெடிப்பு, அல்லது கொப்புளம்

இரண்டும் அவசரத்தின் பிள்ளைகள். கொப்புளத்துக்குக் காரணம் ஹீட் கன். மேல்தோல் முதலில் காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி அதைத் தள்ளுகிறது. அவசரமாகத்தான் வேண்டும் என்றால் முதலில் அரை மணி சும்மா விட்டு, பிறகு ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். சிலர் கொப்புளத்தை வேண்டுமென்றே வரவழைப்பார்கள், சுண்ணாம்புச் சுவர் மாதிரித் தெரிகிறதாம், அது அவரவர் ருசி.

வெடிப்பு வருவது பேஸ்ட் கனமாக இருந்தாலோ, மொட்டை மாடி வெயிலிலோ ஃபேனுக்கு நேர் கீழேயோ வைத்தாலோ. உயரம் வேண்டுமென்றால் ஒரே தடவையில் அப்பாமல், முதல் பூச்சு காய்ந்ததும் ஸ்டென்சிலை அதே இடத்தில் பொருத்தி இரண்டாவது பூச்சு போடுங்கள். பொருத்துவதற்கு முதலிலேயே பென்சிலால் ஸ்டென்சிலின் மூலைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இரட்டையாகத் தெரியும். மடிப்பின் குறுக்கே பேஸ்ட் போகிற மாதிரி டிசைன் வைத்தால் அது வெடித்தே தீரும், எந்தப் பேஸ்டும் அங்கே நிற்காது.

வெடித்ததை மறைக்க முயலாமல், பழுப்பு அல்லது கறுப்பு அக்ரிலிக் கலரை நீர்த்துப் பூசி உடனே துடைத்துவிடுங்கள். கலர் வெடிப்புக்குள் மட்டும் தங்கி, பழைய கல்வெட்டுக் களை வந்துவிடும். வெடிப்பதற்கென்றே கிராக்கிள் பேஸ்ட் என்று தனியாக விற்கிறார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

காயவே மாட்டேன் என்கிறது, கவரில் ஒட்டிக்கொள்கிறது

தமிழ்நாட்டில் இது பருவகாலப் பிரச்சினை. தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று கார்டு வேலை குவிவது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மே மாதத்தில் ஒரு மணி நேரத்தில் காய்கிற அதே பேஸ்ட், அடைமழையில் ராத்திரி தாண்டியும் ஈரமாக இருக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது பேஸ்டில் இருக்கிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் அழுத்திப் பார்க்காதீர்கள், தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், உங்கள் ரேகைதான் பதியும். புறங்கையை மேலே லேசாக வையுங்கள். சுற்றியுள்ள வெறும் அட்டையைவிட பேஸ்ட் ஜில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் காய்ந்துவிட்டது. ஏசி அறை இருந்தால் மழை நாளில் அங்கே வையுங்கள், அந்தக் காற்று வறண்டது. இல்லையென்றால் அறையில் ஃபேன் ஓடட்டும், ஆனால் கார்டு அதற்கு நேர் கீழே வேண்டாம். மேல்தோல் காய்ந்த பிறகு, மருந்து டப்பாவிலும் புது செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிகா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தைச் சேர்த்து ஒரு மூடிய டப்பாவில் கார்டோடு போட்டு வைத்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

முழுசாகக் காய்ந்தும் பிசுபிசுக்கிறது என்றால் அது வேறு விஷயம். கண்ணாடி மாதிரித் தெரிகிற ஜெல் வகை, கிளிட்டர் கலந்த பளபளப்பு வகை இரண்டிலும் தூள் குறைவு, பைண்டர் அதிகம். அக்ரிலிக்கின் சுபாவமே சூட்டில் கொஞ்சம் இளகுவது, அதனால் சென்னை வெயிலில் இரண்டு கார்டை முகத்தோடு முகம் அடுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் ஒன்றின் டிசைன் மற்றதில் இருக்கும். முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு மேலே ஒரு தடவல், அதிகமானதை ஊதிவிடுங்கள், பளபளப்பு இம்மி குறையும், ஆனால் ஒட்டாது. அடுக்கும்போது நடுவே பட்டர் பேப்பர். நியூஸ்பேப்பர் வைக்காதீர்கள், மை ஏறிவிடும்.

பேஸ்ட் செதில் செதிலாக உதிர்கிறது

கார்டைக் கொஞ்சம் வளைத்ததும் டிசைன் முழுசாகக் கழன்று வந்தால், பளபளப்பான ஆர்ட் கார்டிலோ ஃபாயில் அட்டையிலோ போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் இறங்க வழியில்லாத இடத்தில் பைண்டருக்கும் பிடிமானம் இல்லை. டிசைன் வரும் இடத்தை உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேய்த்துக்கொள்ளுங்கள், அல்லது கெசோ (கலருக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் வெள்ளைக் கலவை) மெல்லியதாக ஒரு பூச்சு. கைகளில் எண்ணெய், கிரீம் இருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் பிடிக்காது. வீட்டில் கலந்த பேஸ்ட் உதிர்ந்தால் தூள் அதிகம், பசை குறைவு.

நிறம் நினைத்தபடி வரவில்லை

சிவப்பு கலந்தால் ரோஸ் வருகிறது, கருநீலம் கலந்தால் வானநீலம் வருகிறது. வரத்தான் செய்யும், பேஸ்ட் வெள்ளை. எவ்வளவு கலர் கொட்டினாலும் அடர்த்தி வராது, பேஸ்ட் நீர்த்துப்போவதுதான் மிச்சம். அடர் நிறம் வேண்டுமென்றால் நிறமில்லாத ஜெல் பேஸ்டில் கலர் சேருங்கள், அல்லது வெள்ளையாகவே போட்டுக் காயவைத்து மேலே அக்ரிலிக் பூசுங்கள். மாக்கோலம் மாதிரி வெள்ளைக் கோடு வேண்டும், பின்னால் செம்மண் நிறம் வேண்டும் என்றால் தலைகீழாகப் போங்கள், நிற அட்டையை வாங்கி வெள்ளைப் பேஸ்டை அப்படியே போடுங்கள், கலர் வேலையே இல்லை.

தங்க நிறத்துக்குத் தங்க அக்ரிலிக்கைக் கலப்பதைவிட, மைக்கா தூளை ஈரப் பேஸ்ட் மேல் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் காய்ந்ததும் உதறுவது எத்தனையோ மேல். கலந்தால் உள்ளே போய் மறைந்துவிடும், மேலே தூவினால் மின்னுவதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கும்.

வெள்ளைப் பேஸ்ட் போட்டேன், காய்ந்ததும் ஊதாவாக இருக்கிறது என்பது இன்னொரு புகார். பின்னணியில் தண்ணீரில் கரையும் மை பூசியிருப்பீர்கள். பேஸ்டின் தண்ணீர் அந்த மையைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. காத்திருந்தாலும் போகாது, மேலே வெள்ளை அக்ரிலிக் பூசினால்தான் உண்டு. அடுத்த தடவை பின்னணிக்கு அக்ரிலிக் கலரை நீர்த்துப் பூசுங்கள், அது காய்ந்தால் கரையாது. அந்த மைதான் பிடிக்கும் என்றால் மேலே மேட் மீடியம் (பளபளப்பில்லாத, நிறமில்லாத அக்ரிலிக்) ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டுப் பிறகு பேஸ்டுக்கு வாருங்கள்.

வீட்டில் செய்த பேஸ்ட் தகராறு செய்கிறது

வாங்கும் பேஸ்டின் விலையைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரு தடவையாவது இங்கே வருவார்கள், தப்பில்லை. டால்கம் பவுடர், ஃபெவிகால், வெள்ளை அக்ரிலிக் மூன்றையும் கலந்து செய்வது ஓரளவு நன்றாகவே நிற்கும், ஆனால் ஃபெவிகால் அதிகமானால் மழைக்காலத்தில் மறுபடி இளகும். பவுடரைக் கொட்டும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்த்தது டப்பாவிலேயே கல்லாகிவிட்டது என்றால் ஆச்சரியப்பட எதுவுமில்லை. அது காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை நடந்து இறுகுகிறது, மூடி வைத்தாலும் நிற்காது, தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது. சேர்ப்பதென்றால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மைதா, சோள மாவு சேர்த்ததில் கறுப்புப் புள்ளி வந்தால் பூஞ்சை, தூக்கிப் போடுங்கள், அதை யாருக்கும் வாழ்த்தாக அனுப்ப வேண்டாம். சுவருக்குப் பூசும் புட்டியில் அக்ரிலிக் வகை பரவாயில்லை, வெடிப்பு வந்தால் கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்துக்கொள்ளலாம். சிமென்ட் வகை காரத்தன்மை உள்ளது, வெறும் கையால் தொட்டால் தோல் அரிக்கும், குழந்தைகளோடு செய்கிற வேலைக்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஸ்டென்சில் அடைத்துக்கொண்டது, டப்பா இறுகிவிட்டது

ஸ்டென்சிலைத் தூக்கிய கையோடு தண்ணீர்த் தட்டில் போட்டுவிட்டால் இந்தப் பத்தியே தேவையில்லை. காய்ந்துபோயிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டு ஒரு மணி ஊறவைத்து, தட்டையான தட்டில் கிடத்தி, பழைய டூத்பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். கையில் தூக்கிப் பிடித்துத் தேய்த்தால் மெல்லிய பாலங்கள் முறியும். அப்படியும் போகாத இடத்தில் சானிடைசர் தடவி ஐந்து நிமிடம் விட்டால் இளகும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும், நெளிந்த ஸ்டென்சிலுக்கு மருந்து இல்லை. கத்தியில், ஸ்டென்சிலில் இருக்கும் பேஸ்டை முதலில் பேப்பரால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் சிங்க்குக்கு வர வேண்டும், இல்லையென்றால் அடுத்து பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

டப்பா ஓரளவு இறுகியிருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி மூடி, மறுநாள் பாருங்கள். ரப்பர் மாதிரி ஆகிவிட்டால் போனது போனதுதான். மூடுவதற்கு முன் வாயைச் சுற்றித் துடைத்து, பேஸ்டின் மேலேயே படும்படி ஒரு கிளிங் ஃபிலிம் (சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) துண்டைப் போட்டு மூடினால் நீண்ட நாள் வரும். டைலில் மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் போடாதீர்கள், துணுக்கு உள்ளே போக அதுதான் வாசல்.

தபாலில் போய்ச் சேரும்போது நசுங்கியிருக்கிறது

கார்டு செய்கிறவர்கள் மறந்துபோவது இதைத்தான். மேடான டிசைன் மேல் முத்திரையின் அடி விழுந்தால் நொறுங்கும், கட்டின் அடியில் கிடந்தால் கவரின் உள்பக்கம் ஒட்டும். பேஸ்ட் வேலை முடிந்து இரண்டு நாளாவது ஆன பிறகுதான் கவருக்குள் போக வேண்டும். டிசைன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் கார்டு அளவுக்கு வெட்டிய விறைப்பான அட்டை. அட்டையின் நாலு ஓரத்திலும் ஃபோம் டேப் துண்டுகள் ஒட்டினால் அது டிசைன் மேல் படாமல் தூக்கியே நிற்கும், வெளிப்பக்கக் காகிதத்தை மட்டும் உரிக்காமல் விட்டுவிடுங்கள், கார்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. மொத்தத்தையும் குமிழ் உறை வைத்த கவரில் போட்டு, எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள். சாதாரணக் கார்டுக்கான தபால்தலையைக் கணக்கு வைத்து ஒட்டினால் குறைவுக் கட்டணத்தை வாங்குகிறவர் கையில் கேட்பார்கள்.

கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற கார்டு என்றால் பட்டர் பேப்பர் ஒன்றே போதும், ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்க் கவரில் மட்டும் வைக்காதீர்கள்.